வைஃபை இணைகிறது, ஒன்றும் திறப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம்

இணுவில் வாசி (கேள்வி)

வணக்கம். வீட்டு வைஃபை விஷயத்தில் உதவி வேண்டும். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எங்களுடையது ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் பெட்டி முன் விறாந்தையை ஒட்டிய அறையில், சுவரில் இருக்கிறது. தீபாவளியை ஒட்டித்தான் இந்தத் தொல்லை தொடங்கியது. போன் வைஃபையோடு இணைகிறது, கோடுகள் முழுதாக நிற்கின்றன, ஆனால் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. "இணைந்துள்ளது, இணையம் இல்லை" என்று எழுதிக் காட்டும். வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி மணிக்கூட்டு அடையாளத்தோடு அப்படியே நிற்கும். யூடியூப் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் டேட்டாவுக்கு மாற்றினால் உடனே எல்லாம் வருகிறது, ஆகவே போனில் பிழை இல்லை.

எனக்கு விளங்காதது என்னவென்றால், எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் இப்படி ஆவதில்லை. காலையில் மகளுடையது வேலை செய்யும், என்னுடையது செய்யாது. பின்னேரம் நான் கடைக்குப் போய் வந்தால் என்னுடையது சரி, அவளுடையது இல்லை. முன் அறையில் இருந்தாலும் பின்னறையில் இருந்தாலும் இதே கதைதான். இரண்டு இடத்திலும் கோடு முழுதாகத்தான் காட்டுகிறது.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். "உங்கள் லைனில் பிழை இல்லை, பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்றார்கள். அப்படிச் செய்தால் அதுவரை வேலை செய்த போனும் நின்றுவிடுகிறது. கரண்ட் போய் வந்தாலும் அதே நிலைமை. மழை தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகிறது.

மாமி மாலை ஆறரைக்கு ரொறன்ரோவில் இருக்கும் தன் மகளோடு கதைப்பவர். அங்கே அப்போது காலை எட்டு, மச்சாள் வேலைக்கு இறங்கும் நேரம். அந்தப் பத்து நிமிடம் தவறினால் மாமிக்கு அன்று சாப்பாடே இறங்காது. மகள் உயர்தரம் படிக்கிறாள், இணைந்த கணித வகுப்பு இரவில் சூமில் நடக்கிறது. அதுவும் தவறிக்கொண்டிருக்கிறது.

மகன் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு ரீசெட் பண்ணினால் சரி வரும் என்று நிற்கிறான். விடலாமா?

கம்பஸ் பொடியன்

அக்கா, இது டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) பிரச்சினையாக இருக்கலாம். போனில் வைஃபை அமைப்புக்குள் போய் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். எங்கள் விடுதியில் இப்படி ஒருமுறை சரி வந்தது.

அன்ட்ரொயிட் என்றால் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று தனியாக ஒன்று இருக்கும். விளம்பரம் வராமல் இருக்க யாராவது அதில் ஒரு பெயரைப் போட்டுவைத்திருந்தால் அதை நிறுத்தி "தானியங்கி" என்று விடுங்கள்.

தின்னவேலி வயர்காரர்

தங்கச்சி, முதலில் மகனிடமிருந்து அந்த ஊசியை வாங்கி வையுங்கள். நான் வலிகாமத்தில் வீடுகளுக்கும் ரியூசன் நிலையங்களுக்கும் நெட்வேர்க் வயர் இழுக்கிறவன். ரீசெட் அழுத்திவிட்டு என்னைக் கூப்பிட்ட வீடுகளைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும். அந்த ஓட்டை பெட்டியை நிறுத்திப் போடுவதற்கு அல்ல, உள்ளே எழுதியிருப்பதை எல்லாம் அழிப்பதற்கு. பல இணைப்புகளில் கம்பனி உங்களுக்குத் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவை போனால் நல்ல லைனும் செத்த லைனாகிவிடும். பிறகு கம்பனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். உயர்தரப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது தேவையா?

தம்பி சொன்ன டி.என்.எஸ். சில இடங்களில் சரிதான். ஆனால் இங்கே ஒரு போனுக்கு வருகிறது, மற்றதுக்கு வரவில்லை, பிறகு இரண்டும் இடம் மாறுகின்றன. கம்பனியின் டி.என்.எஸ். பிழை என்றால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் விழும். பிரைவேட் டி.என்.எஸ். என்றால் ஒரே போனில்தான் எப்போதும் விழும், மாறி மாறி விழாது.

கோடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் ஏமாறுவது இதில்தான். அந்தக் கோடு போனுக்கும் வீட்டுப் பெட்டிக்கும் இடையில் ரேடியோ அலை எவ்வளவு பலம் என்பதை மட்டும்தான் காட்டும். பெட்டிக்கு அங்கால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபைபரை வெட்டிவிட்டாலும் கோடு முழுதாகத்தான் நிற்கும். ஆச்சரியக்குறிதான் உண்மை சொல்கிறது. வைஃபையில் சேர்ந்தவுடன் அன்ட்ரொயிட் போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு வெறும் பதில் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் அந்தக் குறியைப் போட்டுவிடும். விண்டோஸும் தன் பங்குக்கு மைக்ரோசொஃப்டின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் "இணையம் இல்லை" என்கிறது.

ஆகவே வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: போனிலிருந்து பெட்டி வரை ஒரு துண்டு, பெட்டியிலிருந்து கம்பனி வரை ஒன்று, அதன்பிறகு பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். எந்தத் துண்டில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

ஃபைபர் பெட்டியின் லைட்டுகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய லைட் சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ ஒளி வந்து சேரவில்லை. வயர் மடிந்திருக்கலாம், வெளியில் அறுந்திருக்கலாம், அதைக் கம்பனிதான் பார்க்க வேண்டும். பி.ஓ.என். என்ற லைட் மினுங்காமல் பச்சையாக நின்றால் அந்தத் துண்டு நல்லது.

அடுத்தது, இதுதான் முக்கியம். வேலை செய்யாத போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொடுங்கள், ஐபோன் என்றால் நீல வட்டத்தை. உள்ளே "ஐபி முகவரி" (போனின் எண்) என்றும் "கேட்வே" (வெளியே போகும் வாசலின் எண்) என்றும் எண்கள் இருக்கும். ஐபோனில் கேட்வேக்குப் பதிலாக "ரவுட்டர்" என்று இருக்கும். வேலை செய்கிற போனிலும் அதையே பாருங்கள். இரண்டையும் இங்கே எழுதுங்கள். 192.168 என்று தொடங்கும் எண்ணை வெளியில் சொல்வதால் ஆபத்து ஒன்றும் இல்லை, உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண் அது. 169.254 என்று தொடங்கினால் அதையும் சொல்லுங்கள். அப்படியென்றால் முகவரி கேட்டு ஒருவரும் பதில் சொல்லவில்லை, கருவி தானாகவே ஒன்றை எடுத்துக்கொண்டது என்று பொருள்.

கடைசியாக ஒரு கேள்வி. முன் அறையிலும் பின்னறையிலும் கோடு முழுதாக வருகிறது என்றீர்கள். உங்கள் வீடு பழைய கல்வீடா? அந்தச் சுண்ணக்கல் சுவர்களைத் தாண்டி விறாந்தைப் பெட்டி குசினிப் பக்கத்துக்கு முழுக் கோடு கொடுப்பதை நான் கண்டதில்லை. பின்னால் வேறு ஏதாவது பெட்டி இருக்கிறதா?

இணுவில் வாசி

அண்ணா, நன்றி. எண்களைப் பார்த்தேன்.

மகளின் போன் இப்போது வேலை செய்கிறது. அதில் ஐபி முகவரி 192.168.1.14, கேட்வே 192.168.1.1.

என்னுடையது வேலை செய்யவில்லை. அதில் 192.168.0.103, கேட்வே 192.168.0.1.

எல்.ஓ.எஸ். லைட் எரியவில்லை. பி.ஓ.என். பச்சை, மினுங்கவில்லை.

வீடு என் கணவரின் பூட்டனார் கட்டியது, நீங்கள் சொன்ன அதே கல்வீடுதான். பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது! நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தப்பா ரொறன்ரோவிலிருந்து ஒரு சின்ன ரவுட்டர் கொண்டுவந்து, முன் பெட்டியிலிருந்து கூரைக்குள்ளால் வயர் இழுத்து, மகள் படிக்கும் அறை அலுமாரிக்கு மேல் வைத்துத் தந்தார். பெயரும் கடவுச்சொல்லும் முன் பெட்டியில் இருப்பதையே அதற்கும் போட்டார். அவர் போன பிறகும் நன்றாகத்தான் வேலை செய்தது. அதனால்தான் அதைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு யோசித்தேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது வேலைக்கு வந்தவர்கள் அந்த அலுமாரியை நகர்த்தினார்கள். வயரைக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். பெட்டியின் பின்னால் ஒரு நீல ஓட்டையும் நான்கு மஞ்சள் ஓட்டைகளும் இருக்கின்றன. வயர் இப்போது மஞ்சளில் இருக்கிறது.

தின்னவேலி வயர்காரர்

பிடிபட்டுவிட்டது. ஃபைபரிலும் பிழை இல்லை, பெட்டிகளிலும் பிழை இல்லை. வயர் இருக்கும் ஓட்டைதான் பிழை.

போன் வைஃபைக்குள் வந்தவுடன் "எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று வீட்டு நெட்வேர்க் முழுவதற்கும் கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஒரு வீட்டில் ஒரு பெட்டிதான் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள் சொல்கின்றன. பஸ்ஸால் இறங்கி மருதனார்மடச் சந்தியில் வழி கேட்பவர் முதலில் வாய் திறந்தவரின் சொல்லை நம்பி நடப்பதுபோல, போனும் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு போய்விடும். முன் பெட்டி பதில் சொன்னால் 192.168.1 என்று தொடங்கும் முகவரி, வெளியே போகும் வாசல் 192.168.1.1. அந்த வாசலுக்கு அங்கால் ஃபைபர் இருக்கிறது. சின்ன ரவுட்டர் பதில் சொன்னால் 192.168.0 என்று தொடங்கும், வாசல் 192.168.0.1. அந்த ரவுட்டர் வெளியே போக நம்பியிருப்பது நீல ஓட்டையை. அதில் இப்போது ஒன்றும் இல்லை. போன் கொடுப்பதை எல்லாம் அது வாங்கும், ஆனால் எங்கேயும் அனுப்ப வழியில்லை.

சித்தப்பா வயரை நீலத்தில் போட்டிருப்பார், அதனால்தான் அப்போது பிரச்சினை இல்லை. நீல ஓட்டை இரண்டு பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கும், சின்ன ரவுட்டரின் பதில் முன் அறைப் பக்கம் போகாது. மஞ்சளில் போட்டவுடன் இரண்டு பெட்டிகளும் ஒரே நெட்வேர்க் ஆகிவிட்டன. முன் அறையில் நின்றாலும் பின் பெட்டியின் பதில் போனுக்கு வரும் என்பதால்தான் எந்த அறையிலும் ஒரே கதை.

நிறுத்திப் போட்டால் மோசமாகிறது என்றீர்கள், அதன் காரணம் இது. ஃபைபர் பெட்டி எழும்புவதற்கு இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். சின்ன ரவுட்டர் அதற்கு முன்னரே எழும்பிவிடும். கரண்ட் வந்த அந்த இடைவெளியில் முகவரி கேட்கும் ஒவ்வொரு போனுக்கும் சின்ன ரவுட்டர் மட்டும்தான் பதில் சொல்கிறது. அதனால் எல்லாப் போனும் ஒன்றாக நிற்கும். வாங்கிய முகவரிக்கு ஒரு தவணை உண்டு. சில பெட்டிகளில் 2 மணித்தியாலம், சிலவற்றில் 24. தவணைக்குள் போன் அதே பெட்டியிடம்தான் புதுப்பிக்கப் போகும், அதனால் தானாகச் சரிவராது. நீங்கள் கடைக்குப் போய் வந்து திரும்ப இணைந்தபோது முன் பெட்டி முந்தியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பனிக்காரர் சொன்னதும் பொய்யில்லை, அவர்களுடைய லைன் நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் வேறு பெட்டி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வி இல்லாததால் எத்தனையோ வீடுகள் நல்ல ரவுட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகின்றன.

இன்று ஆறரைக்கு முன் செய்ய வேண்டியது: வயரை மஞ்சளிலிருந்து கழற்றி நீலத்தில் போடுங்கள். "டக்" என்று சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். பிறகு போன்களில் வைஃபையை நிறுத்திப் போடுங்கள். மாமியை முன்னால் இருத்திவிட்டுச் செய்யுங்கள், நிம்மதியாக இருக்கும்.

கம்பஸ் பொடியன்

அண்ணா, நல்ல விளக்கம். நீலத்தில் போட்டால் ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர், இரட்டை என்.ஏ.டி. (வழியில் முகவரி இரண்டு முறை மாற்றப்படுவது) ஆகிவிடாதா? இரண்டு பெட்டியும் தற்செயலாக 192.168.1.1 என்றே இருந்திருந்தால் என்ன ஆகும்?

தின்னவேலி வயர்காரர்

ஆகும், தம்பி. ஆனால் வட்ஸ்அப், சூம், யூடியூப் பார்க்கும் வீட்டுக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. முன் அறையில் பிரிண்டர் இருந்தால் பின்னறையிலிருந்து அதைக் காண முடியாது, போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. அந்தக் குறை உண்டு. இரண்டாவது கேள்விக்கு: மஞ்சளால் இணைத்து இரண்டும் 192.168.1.1 என்று இருந்தால் ஒரே வாசல் எண்ணுக்கு இரண்டு பெட்டி உரிமை கொண்டாடும். அப்போது எண்ணைப் பார்த்து எது எது என்று பிரிக்கவும் முடியாது. இந்த வீட்டில் எண்கள் வேறு வேறாக இருந்ததால்தான் இவ்வளவு கெதியாகக் கண்டுபிடிக்க முடிந்தது.

நிரந்தரமாகச் செய்ய நான் விரும்புவது வேறு வழி. தங்கச்சி, மகளுக்கு வகுப்பு இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்யுங்கள். சின்ன ரவுட்டரிலிருந்து வயரை முழுதாகக் கழற்றுங்கள். போன் டேட்டாவை நிறுத்திவிட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று அதன் வைஃபையில் சேருங்கள். கேட்வே 192.168.0.1 என்று காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர் என்பதால் மாறிப் போகக்கூடும். பிரவுசரில் 192.168.0.1 அடித்தால் அதன் பக்கம் திறக்கும். கடவுச்சொல் சித்தப்பாவிடம் இருக்கும், அல்லது பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே "அக்சஸ் பொயின்ற் மோட்" (வைஃபையைப் பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும் முறை) என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிவுசெய்து சேமியுங்கள், வேலை முடிந்தது. வயரை நீலத்திலேயே போடலாம்.

பழைய மொடல் என்றால் அது இருக்காது. அப்போது இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். டி.எச்.சி.பி. சேர்வரை நிறுத்துங்கள். அதோடு பெட்டியின் சொந்த முகவரியை 192.168.0.1 இலிருந்து 192.168.1.250 என்று மாற்றுங்கள். இரண்டையும் சேமித்த பிறகுதான் வயரை மஞ்சள் ஒன்றில் போட வேண்டும். நீலத்தில் அல்ல, இந்த வழிக்கு மஞ்சள்தான் சரி. அதன்பிறகு முகவரி கொடுப்பது முன் பெட்டி மட்டும். பின் பெட்டி வைஃபையைப் பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும். இனி அதன் பக்கத்தைத் திறக்க 192.168.1.250 அடிக்க வேண்டும், அந்த எண்ணை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். இன்னும் ஒழுங்காகச் செய்ய விரும்பினால் முன் பெட்டி கொடுக்கும் முகவரி வரிசையை 20 முதல் 200 வரை என்று சுருக்கிவையுங்கள், 250 வேறு எவருக்கும் போகாது.

அந்தப் பக்கத்துக்குள் இருக்கும்போதே வைஃபை அலைவரிசையான 2.4 கிகாஹேர்ட்ஸின் சனல் எண்ணையும் பாருங்கள். முன் பெட்டி 1 என்றால் பின் பெட்டிக்கு 11 வையுங்கள். 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றோடு ஒன்று மோதாதவை. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் உங்கள் சுவரைத் தாண்டாது. மகள் அலுமாரி இருக்கும் அறையிலேயே படிப்பதால் அவளுக்கு அது நல்லது. குசினியில் நிற்கும் உங்களுக்கு 2.4 தான்.

பருத்தித்துறை

எங்களுக்கும் இதே ஆச்சரியக்குறி வந்தது, ஆனால் காரணம் வேறு. ஃபைபர் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை, சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். பொதி முடிந்துவிட்டால் வைஃபை வழக்கம்போல முழுக் கோடு காட்டும், ஒன்றும் திறக்காது. அந்த சிம்மைப் போனில் போட்டு மீதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சிம் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, சிம்மை வேறு கம்பனிக்கு மாற்றினால் ரவுட்டரில் இருக்கும் ஏ.பி.என். (அந்தக் கம்பனியின் இணைய வாசலின் பெயர்) என்பதும் மாற வேண்டும். பழைய பெயர் நின்றால் சிக்னல் வரும், இணையம் வராது. பெட்டியை யன்னலோரம் டவர் பக்கமாக வைத்த பிறகு வேகமும் கூடியது.

ரொறன்ரோ வாசி

இங்கிருந்து ரவுட்டர் கொண்டுபோகும் உறவினர்களுக்காக எழுதுகிறேன். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230. அடப்டரில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, பிளக்கின் வடிவத்தை மாற்றும் துண்டு மட்டும் போதும். "120" என்று மட்டும் இருந்தால் அங்கே சொருகவே வேண்டாம், அதே வோல்ட்டும் அம்பியரும் தரும் அடப்டரை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இணுவில் அக்கா, அலுமாரிக்கு மேல் இருப்பதையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

தின்னவேலி வயர்காரர்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். இதோடு இடியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஐப்பசி கார்த்திகையில் எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி அதனால்தான். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி, அதற்குள்ளால் மின்சாரம் வராது. அதை நம்பிப் பலர் பெட்டியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இடி வருவது சுவர் பிளக்கால். அடப்டரை எரித்து, பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து செப்பு வயரால் அடுத்த பெட்டிக்கும் போகும். கூரைக்குள்ளால் நீள வயர் ஓடுகிற வீட்டில் இந்த ஆபத்து கூட. வானம் முழங்கத் தொடங்குவதற்கு முன்னரே இரண்டு பெட்டியின் அடப்டரையும் சுவரிலிருந்து கழற்றுங்கள், இடையில் ஓடும் வயரையும் ஒரு பக்கம் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

திரும்பப் பொருத்தும்போது எந்த ஓட்டை என்று குழம்பாமல் இருக்க, வயரின் நுனியிலும் அது போக வேண்டிய ஓட்டையிலும் ஒரே நிற ரேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யார் அலுமாரியை நகர்த்தினாலும் சரியான இடத்தில் போடுவார்கள்.

இணுவில் வாசி

அண்ணா, தம்பி, எல்லோருக்கும் மிக்க நன்றி. அன்றைக்கே வயரை நீலத்துக்கு மாற்றினோம். ஆச்சரியக்குறி உடனே போய்விட்டது. மாமி ஆறரைக்குக் கதைத்தார், மச்சாள் வேலைக்குப் பிந்திவிட்டேன் என்று சொல்லும்வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனும் நானும் இரண்டாவது வழியையும் செய்துவிட்டோம். சின்ன ரவுட்டரில் அக்சஸ் பொயின்ற் மோட் இருந்தது. இப்போது எல்லாப் போனிலும் கேட்வே 192.168.1.1 என்றே காட்டுகிறது. பிறகு கரண்ட் போய் வந்தது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகவே வந்து சேர்ந்தன. அடப்டரில் 100–240 என்று இருக்கிறது. நீல ரேப்பும் ஒட்டிவிட்டோம்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. கணவரின் பழைய கொம்பியூட்டர் முன் அறையில் நிற்கிறது. முகவரி சரியாக வருகிறது, மகன் 8.8.8.8 க்குப் பிங் அடித்தால் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால்) பதிலும் வருகிறது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று மறிக்கிறது. இதுவும் கரண்ட் போய் வந்தால்தான் வரும். இதற்கும் அந்த ரவுட்டருக்கும் தொடர்பு இருக்கிறதா?

தின்னவேலி வயர்காரர்

இல்லை, தங்கச்சி. பிங்குக்குப் பதில் வருகிறது என்றால் வழி திறந்துதான் இருக்கிறது. திரையின் கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் நிற்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அது இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும் என்று அதில் இருக்கும். கொம்பியூட்டரின் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பொய்ச் சான்றிதழ் என்று மறிக்கிறது.

திகதியைச் சரிசெய்தால் இன்றைக்குத் திறக்கும். கரண்ட் போனால் திரும்ப வராமல் இருக்க உள்ளே இருக்கும் பட்டன் பற்றரியை மாற்ற வேண்டும். சி.ஆர். 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறங்கள், மதர்போர்டில் காசு அளவில் மினுங்குவது அதுதான். பக்கத்தில் இருக்கும் சின்னக் கொளுவியை நகத்தால் தள்ளினால் தானாக எழும்பும். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். கொம்பியூட்டரைப் போட்டதும் திகதியையும் நேரத்தையும் ஒருமுறை சரிசெய்து, நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.